மஞ்சளில் மிதிக்கிற மச்சான்

ராசப்பன் மச்சான் அடிக்கும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்ள” என்பார், நாம் தள்ளி நிற்பதற்குள் அறை விழுந்திருக்கும். வெள்ளகோவிலில் லாரி வைத்து ஓட்டுகிறவர். என் அக்கா அன்புச்செல்வியின் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியபோதும், “எத்தன தடவைங்க அம்மணி சொல்றது?” என்றுதான் கேட்டாராம். அதோடு அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டது, மாவுக்கட்டை முந்தின வாரந்தான் பிரித்திருந்தோம்.

அன்றைக்கு மத்தியானம் அக்காவைச் சென்னை வண்டியில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. ஹாஸ்டலில் தங்குகிற மாதிரி ஒரு வேலை. எந்தத் தெரு என்று எனக்கே தெரியாது, அடித்துக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று அக்கா சொல்லவில்லை. தம்பியை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது என் கூட்டாளி அப்துல் குத்தூஸ். வண்டி நகர்ந்ததும் அங்கே எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்வான். எங்கள் கடை போன் ரெண்டு தடவை மணியடித்து நின்றுவிட்டால் அக்கா போய்விட்டது என்று அர்த்தம். எடுக்கக்கூடாது, எடுத்தால் பூத்துக்காரனுக்குத்தான் லாபம்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியில் நானும் குத்தூஸும் கம்ப்யூட்டர் கேம் சென்டர் நடத்தினோம். நான் அதட்டினால் பயப்படுகிற ஒரே ஜீவன் அங்கிருந்த பிரிண்டர். அந்த வீரத்தை நம்பி உட்கார்ந்திருந்தபோதுதான் மச்சான் படியேறி வந்தார்.

“ஏனுங்க மாப்ள, என்ற ஊட்டுக்காரி எங்கீங்க?”

“கோயிலுக்குப் போயிருக்குதுங்க மச்சான். சோத்துப் போசி எடுத்துக்கிட்டு நேரா இங்கத்தான் வரும். உக்காருங்க.”

“பொய்யின்னா பல்லப் பேத்துப்போடுவேனுங்க” என்று அட்வான்ஸாக ஒரு அறை விட்டார். என் கண்ணாடி பிரிண்டருக்குப் பின்னால் போய் விழுந்தது. நான் அதைத் தேடி எடுப்பதற்குள் வாசலுக்குத் திரும்பிவிட்டார். “ஊட்டுக்கே போய்ப் பாத்துப்போட்டு வாரேன்.”

என் வீடு பக்கத்துத் தெருதான். பூட்டைப் பார்த்தார் என்றால் அடுத்தது ஸ்டேஷன்தான். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“ரயில் ஓட்டறீங்களா மச்சான்? கேமுங்க. லாரிக்காரங்களால முடியாதுன்னு சொல்றாங்க.”

“எவன் சொன்னது?”

உட்கார்ந்துவிட்டார். திரையில் ஏதோ வெளிநாட்டுத் தண்டவாளம். கீபோர்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“ஸ்டேரிங்கு எங்கீங்க?”

“இல்லீங்க. தண்டவாளமே திருப்பிக்கும்.”

“அப்ப இதுல என்ன மயிருங்க கஷ்டம்?”

“சிக்னலுங்க. ரெட்டை மஞ்சள்னா வேகத்தக் கொறைக்க ஆரம்பிக்கோணும். ஒத்தை மஞ்சள்னா அடுத்தது சிவப்பு, நிக்கறதுக்குத் தயாரா வரோணும். சிவப்புன்னா நின்னே ஆகோணும். அந்த வட்டப் பலகையில இருக்கற நம்பருக்கு மேல வேகம் போகக்கூடாதுங்க.”

மச்சானுக்குத் தெரிந்தது ரோட்டு மஞ்சள். சிவப்பு விழுவதற்குள் மிதித்துத் தாண்டுவதற்காக விடப்படுகிற மஞ்சள். ஒத்தை மஞ்சளுக்கு மிதித்தார், ரெட்டை மஞ்சளுக்கு ரெட்டையாக மிதித்தார். முன்னால் நின்ற கூட்ஸ் வண்டியின் முதுகில் போய் ஏறினார். இன்ஜின் நட்டுக்குத்தலாக நின்றது, பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. “செத்தானுக” என்றார் திருப்தியாக. ஆட்டம் மறுபடி முதல் ஸ்டேஷனுக்குப் போய் நின்றது.

ஒவ்வொரு சிவப்புக்கும் எனக்கு ஒரு குட்டு. “பக்கத்துல நின்னு சொல்ல மாட்டீங்களா?” முதல் அறையில் கிழிந்த உதடு உப்புக் கரித்தது. ஆனால் ஒவ்வொரு தடவை அவர் முதலிலிருந்து தொடங்கும்போதும் அக்கா ஸ்டேஷனில் இன்னும் கொஞ்ச நேரம் பத்திரமாக இருந்தது. குட்டு வாங்க இவ்வளவு ஆசையாகத் தலையை நீட்டிய ஆள் கோயமுத்தூரில் நானாகத்தான் இருப்பேன். அவர் மதித்த ஒரே பலகை, ஹாரன் அடிக்கச் சொல்கிற பலகை. அதைப் பார்த்தால் மட்டும் பட்டனை விடாமல் அழுத்தி, எதிர்வீட்டு நாயைக் குரைக்க வைத்தார்.

பிறகு, நான் எதிர்பார்க்காதது நடந்தது. கற்றுக்கொண்டார்.

ரெட்டை மஞ்சளில் வேகத்தைக் குறைத்தார். ஒத்தை மஞ்சளில் ஊர்ந்தார். சிவப்புக்கு ஒரு பெட்டி தூரம் முன்னால், தூங்குகிற குழந்தையை இறக்கிவைப்பதுபோல வண்டியை நிறுத்தினார்.

“நின்னுபோட்டேன் பாருங்க மாப்ள!”

அவர் முகம் மலர்ந்திருந்தது. எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்ட மனசு. அடுத்த நொடிதான் உறைத்தது. இந்த மனுசனுக்கு நிறுத்தத் தெரியாமல் இல்லை. அக்காவிடம் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

“எப்பங்க பச்சை விழுகும்?”

“எதிர்ல ஒரு வண்டி போகோணுமுங்க” என்றேன். சொல்லும்போதே என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது. எனக்கு வாய் மட்டுந்தான் பொய் சொல்லும், கண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மச்சானும் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலையும், திரையில் நின்ற ரயிலையும் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

“சோறு வரலீங்களே மாப்ள” என்றார் மெதுவாக. “ரயிலுக்கா போயிருக்கறா?”

நான் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் மூஞ்சி சொல்லிவிட்டது.

கீபோர்டு என் வாயில் வந்து இறங்கியது. எழுத்துப் பட்டன்கள் தெறித்தன, கூடவே ஒரு பல்லும். மானிட்டரைத் தூக்கித் தரையில் அடித்தார், பட்டாசு மாதிரி வெடித்துக் கண்ணாடி சிதறியது. விழுந்து கிடந்தவனை விலாவில் உதைத்தார். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் வாசலுக்குத் திரும்பியபோது, ஏன் செய்தேனோ, பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

“விடுங்க மாப்ள.”

“விடமாட்டேனுங்க மச்சான்.”

குதிகாலால் முதுகில் மிதித்தார். விடவில்லை. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். விடவில்லை. வேட்டி அவிழ, கண்ணாடித் தூள்மேல் என்னை இழுத்துக்கொண்டே படிக்கட்டுவரை போய்விட்டார். முதல் படியில் என் தாடை இடித்தது.

மேசைமேல் போன் அடித்தது.

மச்சான் நின்றார். மறுபடி ஒரு மணி. அதோடு நின்றுவிட்டது.

“யாருங்க அது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயெல்லாம் ரத்தமாக, விலா குத்தக் குத்தச் சிரித்தேன். மானிட்டர் உடைந்தாலும் மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் எதிர் வண்டி தடதடவென்று கடந்துபோகிற சத்தம் கேட்டது.

கையைத் தளர்த்தி அவர் காலை விட்டேன்.

“இப்பப் போலாமுங்க மச்சான்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் அதற்கும் ஒரு உதை விட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.