ஓடினால் போதும்

அவருக்குக் கை சும்மா இருக்காது. பணம் கொட்டிக் கிடக்கிறவர்களுக்கு வேறு வேறு வியாதிகள் வரும். இவருக்கு வந்தது பழைய கார் வியாதி. வீட்டுக்குப் பின்னால் நீளமான கொட்டகையில், விரல்விட்டு எண்ணக்கூடிய அபூர்வ வண்டிகள் பளபளவென்று நின்றன. ஒவ்வொன்றையும் ஆணி ஆணியாகக் கழற்றி, தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஆக்கி முடித்த மறுநாளே அடுத்ததற்குக் கை அரிக்கும்.

அப்படி அரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்கா தன் காரைக் கட்டி இழுத்துவந்து விட்டாள். மாமா போனபிறகு அவள் மகன் வீட்டில் இருக்கிறாள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் மகள் வீட்டுக்குப் போவதென்றாலும், மருந்து வாங்குவதென்றாலும் மகனிடம் கேட்டு, அவன் டிரைவரிடம் சொல்லி, டிரைவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"ஓடினா போதும்டா. நானே ஓட்டிக்கிறேன். வேற எதையும் தொட்டுடாதே."

அவரிடமா சொல்வது! இன்ஜின் சீக்கிரமே சரியாகிவிட்டது. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். கதவில் ஒரு கீறல் கண்ணை உறுத்தியது. கீறலைத் தொட்டால் பெயிண்ட், பெயிண்டைச் சுரண்டினால் துரு, துருவைப் பார்த்தால் உள்ளே சீட். சாப்பாட்டுத் தட்டோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மழைக்காலமே போய்விட்டது. அக்கா போன் பண்ணும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம்தான்க்கா" என்றார்.

"அவங்க கேட்டது ஒண்ணு, நீங்க பண்றது ஒண்ணு" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருவழியாக அக்கா வந்தாள். கைப்பையும் மகளுக்கு ஒரு பொட்டலமுமாக, இங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போகும் தயாரிப்போடு. வண்டியைப் பார்த்து, "அடேயப்பா! என்னோடதுதானா?" என்று சிரித்தாள். ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். எட்டவில்லை. சீட்டை முன்னுக்குத் தள்ளினாள். அப்போதும் எட்டவில்லை. குனிந்து பார்த்தாள்.

"கட்டை எங்கடா?"

"எந்தக் கட்டை?"

"கிளட்ச்ல உங்க மாமா கட்டி வச்சிருந்தாரே. பிரேக்லயும்."

கம்பி சுற்றிய மரக்கட்டைகள். அசலில் இல்லாத அசிங்கம் என்று பிடுங்கி எறிந்தவர் அவர்தான். எந்த வண்டிக்கு எந்தத் திருகாணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கூடப் பிறந்தவளுக்குக் கால் எட்டாது என்பது தெரிந்திருக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"புதுசா செஞ்சு தரேன்க்கா. நல்ல மரத்துல."

"எப்போ? அடுத்த மழைக்கா?"

"சரி, இன்னைக்கு நானே ஓட்டிட்டு வரேன். வா."

"ஓட்டிட்டுப் போக எனக்கு வீட்டுலயே ஆள் இருக்குடா" என்று அக்கா இறங்கிவிட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. போனை எடுத்து மகனை அழைத்தாள்.

"தம்பி, வேலையா இருக்கியாப்பா? ஒண்ணும் அவசரமில்ல. வண்டி சும்மா இருந்தா மட்டும் அனுப்பு. இல்லேன்னா பரவால்லப்பா."

சின்ன வயதில் ஓர் அதட்டலில் தெருவையே அடக்கியவள் அவள். இப்படிக் கெஞ்சுகிற குரல் அவளிடம் இருப்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. கேட்க முடியவில்லை.

"நேரமாகுமாம்" என்று சொல்லி, உட்கார இடம் தேடினாள் அக்கா. அவர் ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.