அறுபத்துமூன்று கட்டங்களில் உப்பு

மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, உப்பு எப்படித் தயாராகிறது என்பது போன மாதம் மறந்தே போய்விட்டது. காரணம், சென்னையிலிருந்து வந்த கன்சல்டன்ட் கௌதமன் வரைந்த படம்.

இப்போதும் நான் தினம் வந்து உட்காருகிற எங்கள் பாக்கெட் உப்புக் கூடத்துக்குத் தரச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று கட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்துச் சுவரில் மாட்டியிருக்க வேண்டுமாம். சான்று கிடைக்காவிட்டால் கூடத்துக்குப் பூட்டு. சூப்பர்வைசர் ஜான்சியும் பதினெட்டுப் பெண்களும் மறுபடி வெயிலில் உப்புப் பாத்திக்குத்தான் போக வேண்டும்.

கௌதமன் கொண்டுவந்த ஃப்ளெக்ஸை இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். அறுபத்துமூன்று கட்டங்கள், மயிலாப்பூரில் நாயன்மார்கள்கூட இவ்வளவு நெரிசலில் வந்ததில்லை. அம்புக்குறிகளோ, எக்கியார்குப்பத்து மீன்வலையைப் பூனை இழுத்துப் போட்ட மாதிரி. வண்ணங்கள் மட்டும் ஏழாயிரம் இருக்கும்.

“சார், இதுல உப்பு எங்க இருக்குது?” என்றாள் ஜான்சி.

“ஹோலிஸ்டிக்கா பாருங்கம்மா” என்றார் கௌதமன்.

ஆடிட்டர் சாமுண்டீஸ்வரி வந்தார். முதல் கட்டத்தில் விரலை வைத்தார். “நான்தான் உப்பு. போறேன்.”

விரல் அரவைக்குப் போனது, உலர்த்தலுக்குப் போனது, அயோடின் கலப்புக்குப் போனது. அயோடின் சரியாகச் சேர்ந்திருந்தால் சோதனைச் சொட்டுப் பட்ட உப்பு நீலமாகும். சோதனைக் கட்டத்தில், ‘நீலமானதா?’ ‘இல்லை’ என்ற அம்பு மறுபடி கலப்புக்கு இழுத்துப்போனது. கலப்பிலிருந்து சோதனை. சோதனையிலிருந்து கலப்பு. நான் சத்தியமாக எண்ணினேன், நானூறு சுற்று.

“ஏங்க, எவ்வளவு கலந்தாலும் நீலம் வரலன்னா இந்த உப்பு எப்ப வெளிய வரும்?”

“அனெக்ஸர் ஃபைவ்ல இருக்கு மேடம்.”

“அனெக்ஸர் எங்க?”

“ப்ரிப்பரேஷன்ல இருக்கு.”

ஆடிட்டர் பேனாவை மூடினார். ஜான்சி குறுக்கே வந்து நின்றாள்.

“மேடம், அஞ்சு நிமிஷம் குடுங்க” என்று காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மார்க்கரால் கட்டம் போட்டாள். அரை. உலர்த்து. அயோடின் கல. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார். நீலமானால் பாக்கெட்டில் கட்டு. ஆகாவிட்டால் ஒரே ஒரு தடவை மறுபடி கல. அப்போதும் ஆகாவிட்டால் மூட்டையைத் தனியாக வை, ஜான்சியைக் கூப்பிடு.

“பேரெல்லாம் போடக்கூடாதும்மா, அன்-ப்ரொஃபஷனல்” என்று பதறினார் கௌதமன்.

“டெய்லி என்னைத்தான் சார் கூப்பிடுறாங்க. வேற யாரைப் போடறது? உங்களைப் போடட்டுங்களா? போன் எடுப்பீங்களா?”

சாமுண்டீஸ்வரி அட்டையில் விரலை ஓட்டினார். மூன்று தடவை ஓட்டியும் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. கடைசிக் கட்டத்தைத் தட்டி, “யார் பொறுப்புன்னு எழுதியிருக்கிற ஒரே சார்ட் இதுதான்” என்று அட்டையிலேயே கையெழுத்துப் போட்டார்.

அட்டை இப்போது சுவரில் இருக்கிறது. ஃப்ளெக்ஸும் வீணாகவில்லை. போன செவ்வாய்க்கிழமை திடீரென மழை பிடித்தபோது அதைத்தான் உப்புக் குவியல்மேல் இழுத்துப் போர்த்தினோம். எழுத்துப் பக்கத்தைக் கீழே வைக்கச் சொன்னேன், மழை குழம்பிவிடக் கூடாதே என்று.