ஜும்மா நேரத்தில் மட்டும்

ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் கட்டிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர் மூன்று வாரமாக ஜெனிஃபாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் வரும், போகும். கேபிளை மாற்றிப் பார்த்தாள், சாக்கெட்டை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. ஃபேக்டரியின் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவள் ஒருத்திதான் ஆள். வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் நிசார் அஹமது அன்று காலை கறாராகச் சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் டைம்மா. சரியாவலன்னா நாளைக்கு சென்னை கம்பெனி ஆளுங்க வந்துடுவாங்க, சொல்லி வெச்சிருக்கேன். நீ டைப்பிங்குக்குப் போய்டு."

மதியம் ஒரு மணிக்கு கட்டிங் சூப்பர்வைசர் ராமலிங்கம் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "வந்து பாரும்மா, ஜோரா ஓடுது! வாராவாரம் ஜும்மா நேரத்துல மட்டும் தங்கமா ஓடும். ரெண்டு மணிக்கு மேல மறுபடி பேஜார்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

"நீ கேக்கலியே!"

ஜும்மா நேரத்தில் இங்கே எது நிற்கிறது? பாதி ஃபேக்டரி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தது. பேக்கிங் செக்‌ஷன் தபரேஸ் மட்டும் ஒழுங்காகக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறவன். ஜெனிஃபா ஓடிப்போய் அதைப் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ராமலிங்கத்தின் குரல் கேட்டது. "போச்சும்மா!"

இரண்டு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு எண்களையும் பார்த்தாள். அச்சு அசலாக ஒரே எண்! உலகத்தில் ஒரு கார்டுக்கு இருக்கும் எண் இன்னொன்றுக்கு இருக்கக் கூடாது. அந்த எண் கடைசியாக எந்த வாசலிலிருந்து பேசியதோ, பதிலை அந்த வாசலுக்கே அனுப்பும், எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி. தபரேஸின் கம்ப்யூட்டர் ஓயாத வாய். கட்டிங்குக்கு வரவேண்டியதெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது. பாவம் ஸ்விட்ச், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு கார்டையும் வாங்கிவந்த மகராசி யார்? சாட்சாத் ஜெனிஃபாதான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அலமாரியிலிருந்து வேறு கார்டை எடுத்து மாட்டி முடிக்கும்போது தபரேஸ் தொப்பியை மடித்தபடி வந்தான். "என் சீட்ல இன்னா பண்றே?"

"பேசாம வேலையப் பாரு தபரேஸ். இனிமே நல்லா ஜாஸ்தியாவே பாரு, கட்டிங்குக்கு ஒண்ணும் ஆவாது!"

மணி மூன்றானது. இரண்டும் ஓடின. ஜெனிஃபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் மேனேஜர் அறைக்குள் போனதும் மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"சரியாய்டுச்சு சார். ஆனா அந்தக் கார்டுங்கள வாங்கினதே நான்தான்."

நிசார் அஹமது அவளையே பார்த்தார். பிறகு போனை எடுத்துச் சென்னை கம்பெனியின் எண்ணை அழுத்தினார்.

"வேணாம்பா, வராதீங்க. எங்ககிட்டயே ஆள் இருக்கு."