வேகாத கல்யாணப் புலாவ்

மர்கிலானில் ஹைதரலி வீட்டு முற்றத்தில் அவர் மகள் மஃபூசாவின் கல்யாணத்துக்காக ஏற்றிய புலாவ் பத்தொன்பது வருடமாக அடுப்பில் இருக்கிறது, இன்னும் வேகவில்லை. கறியில் குறையில்லை, மஞ்சள் கேரட்டும் நல்ல கேரட்தான். கோளாறு அரிசியில். செந்நிறத் தேவ்சிரா அரிசி போடுவதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட ஹைதரலி, சந்தையில் மட்டமான அரிசி வாங்கி, செங்கல் பொடியைத் தன் கையாலேயே தேய்த்து நிறமேற்றினார். விடிகாலையில் ஊர் ஆண்களுக்குப் புலாவ் போடாமல் எங்கள் பக்கம் மணப்பெண் பிறந்த வீட்டு வாசல் தாண்டுவதில்லை. வந்தவர்கள் ரொட்டியும் தேநீருமாக மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் தொக்தசின் ஒரு பருக்கையைக் கடித்துப் பார்த்துத் துப்பினார்.

"அண்ணே, இது அரிசி இல்ல, சுவரு. கொட்டிட்டு வேற போடுவோம். பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

"கொட்டினா ஊருக்கே தெரிஞ்சு போகும். நீ விறகைத் தள்ளுய்யா."

தொக்தசின் பொழுது சாயும்வரை விறகைத் தள்ளினார், பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து விறகு தள்ளுவது மஃபூசாவின் வேலையாயிற்று. மாப்பிள்ளை தில்முரத் முதல் வருடம் வெள்ளிதோறும் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தான். மூன்றாம் வருடம் கோகந்தில் பெண் எடுத்தான். அந்தக் கல்யாண அடுப்புக்கு இங்கிருந்துதான் தணல் கேட்டு வந்தார்கள், மஃபூசாவே அள்ளிக் கொடுத்தாள். அன்று அவள் வாய்விட்டு அழுதாள், பாவம். "புகைதானே, மூஞ்சியைக் கழுவு," என்றார் ஹைதரலி. பக்கத்து வீட்டுப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. "ஏன்டி, அவன் பேரனுக்காவது சோறு வெந்துருமா?" என்று மதில்மேல் தலைநீட்டிக் கேட்டார்கள். அவளுக்கு நரை விழுந்தது.

போன குளிர்காலத்தில் ஹைதரலி படுக்கையில் விழுந்தார். ரொட்டி வேண்டாம், கஞ்சி வேண்டாம், கல்யாணப் புலாவில் ஒரு வாய் வேண்டும் என்றார். மஃபூசா தட்டு நிறைய எடுத்து வந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள். அவர் வெகுநேரம் மென்றார். பல் ஒன்று உடைந்து தாடியில் விழுந்தது.

"வெந்திருக்காப்பா?"

"வெந்திருக்கு," என்றார்.

"அப்போ இன்னொரு வாய் வாங்கிக்குங்க," என்று அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள். தட்டு காலியானபோது அவர் உயிரோடு இல்லை. மஃபூசா வாயைத் துடைத்துவிட்டு, தாடையைக் கட்டி, முற்றத்துக்குப் போய் விறகைத் தள்ளினாள்.