அறுபத்து மூன்று கிலோ

பனிச்சறுக்கு ஸ்கீப் பலகையின் நுனியை இடது கையில் பிடித்து, அடியைத் தரையில் ஊன்றி, நடுவில் வலது உள்ளங்கையால் அழுத்தி அது எவ்வளவு வளைகிறது என்று தேனுஜா பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற பிருந்தன், "உது ஆம்பிளையளின்ர மாதிரிக் கிடக்கு" என்றான்.

பெண்களுக்கானதுதான். ஆனால் கடைக்காரர்கள் அதை ஆண்களின் தட்டில், மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். கரும்பச்சை நிறம், படம் எதுவும் இல்லை. பெண்களின் தட்டில் ஊதாப் பூக்களும் பட்டாம்பூச்சிகளும் வரிசையாக நின்றன. இரண்டாயிரத்து ஏழு டிசம்பர், ஜெர்மன் நகரமான ஸ்டுட்கார்ட்டில் சனிக்கிழமைக் கூட்டம். மெழுகும் ஈரச் சப்பாத்தும் கலந்த வாடை அந்த மாடி முழுக்க இருந்தது.

தேனுஜா மலையடிவார ஊரான கெம்ப்டனில் வளர்ந்தவள். அகதி விடுதிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் எட்டு வயதிலேயே அவளைச் சரிவில் ஏற்றிவிட்டது. இப்போது உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக வேலை. போன வருடம், மேலே தூள்பனியும் கீழே காற்று இறுக்கிய பனி ஓடுமாகக் கிடந்த ஒரு மலைச் சரிவில், வாடகைக்கு எடுத்த மெல்லிய ஸ்கீயின் நுனி அந்த ஓட்டுக்குள் செருகிக்கொண்டது. ஆறு வாரம் முழங்கால் வீங்கிக் கிடந்தது. ஜனவரியில், கூட வேலை செய்யும் மூன்று பெண்களோடும் ஒரு வழிகாட்டியோடும் மறுபடி அதே மலைக்குப் போகிறாள். அதனால் இந்த முறை தனக்கு என்ன வேண்டுமென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கால் நிற்கும் இடத்தில் தொண்ணூறு மில்லிமீட்டர் அகலம். குறைந்தால் தூளில் புதையும், கூடினால் இறுகிய பனியில் விளிம்பு பிடிக்காது. நுனி கொஞ்சம் இளக்கமாக, குதிகால் பக்கம் விறைப்பாக. நீளம் தன் உயரத்துக்குக் குறையக் கூடாது.

விற்பனையாளனுக்கு ஐம்பது வயதிருக்கும். வந்ததிலிருந்து பிருந்தனோடுதான் கதைத்தான். பிருந்தன் வாழ்நாளில் ஸ்கீ போட்டதில்லை. அவனும் தேனுஜாவும் மோதிரம் மாற்றி நான்கு மாதம். பூப்போட்ட ஒன்றை விற்பனையாளன் எடுத்து வந்து பிருந்தனின் கையில் கொடுத்தான். பெண்களுக்கு இலேசானதுதான் நல்லது, களைக்காது, சொன்னபடி திரும்பும் என்றான்.

"வடிவா இருக்கு, பாரும்" என்றான் பிருந்தன்.

"இது என்ர நாடி மட்டும்தான் வருது. கலைஞ்ச பனியில உதறும்." அவள் தன் முகவாயைத் தொட்டுக் காட்டினாள்.

"கலியாணம் முடிஞ்சாப் பிறகும் உதைக் கட்டிக்கொண்டு திரியப் போறீரே? ஒரு வருசத்துக்குச் சின்னன் போதும்."

அவள் விற்பனையாளனிடம் திரும்பினாள். பச்சையைக் காட்டி, இதுதான் வேண்டும், சப்பாத்தை மாட்டும் பிணைப்பைப் பூட்டித் தாருங்கள் என்று ஜெர்மனில் சொன்னாள். விற்பனையாளன் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு படிவத்தை எடுத்தான். விழுந்தால் சப்பாத்து எப்போது கழன்று கொள்ள வேண்டும் என்பதை உடம்பின் எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

"எத்தனை கிலோ?" பிருந்தனைப் பார்த்துத்தான் கேட்டான்.

"ஐம்பத்தைந்து" என்றான் பிருந்தன்.

"அறுபத்து மூன்று" என்றாள் தேனுஜா.

விற்பனையாளன் நிமிர்ந்தான். அவன் கண் அவளுடைய தொடையில் தொடங்கி இடுப்பில் நின்று மார்புக்கு ஏறியது. பிறகு பிருந்தனைப் பார்த்துக் கண்ணடித்தான். "மீதி எட்டுக் கிலோவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

பிருந்தன் சிரித்தான். சும்மா புன்னகை இல்லை, பல் தெரிய, தலையை ஆட்டி, கூட்டாளியைப்போலச் சிரித்தான். சிரித்தபடியே அவளுடைய பிடரியில் கையை வைத்தான். அந்தக் கை வேர்த்திருந்தது.

தேனுஜாவுக்கு அந்தச் சிரிப்பைவிட மோசமாக இன்னொன்று பட்டது. தன் உதடும் கொஞ்சம் இழுபட்டிருந்ததை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். அந்தக் கேடுகெட்ட பகிடிக்கு அவளும் மரியாதைக்குச் சிரித்திருக்கிறாள். வாயை அழுத்தித் துடைத்தாள். தோளைச் சரித்து அந்தக் கையிலிருந்து விலகினாள்.

"என்னத்துக்குச் சிரிச்சனீங்கள்?"

"அது சும்மா பகிடி. சிரிக்காட்டி எங்களை என்னெண்டு நினைப்பாங்கள்?"

அவள் படிவத்தை விற்பனையாளனின் கையிலிருந்து வாங்கினாள். ஸ்கீ இரண்டையும் தோளில் வைத்துக்கொண்டு, சப்பாத்துப் பையோடு தானே கீழே பட்டறைக்கு இறங்கினாள். அங்கே மெழுகுக் கறை படிந்த ஏப்ரனோடு ஒரு பெண் நின்றாள். எடை, உயரம், சப்பாத்தின் நீளம் கேட்டு எழுதினாள். தலை நிமிரவில்லை.

"எப்படிச் சறுக்குவீர்கள்? மெதுவாகவா, வேகமாகவா?"

"வேகமாக."

அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டு துளைபோடும் இயந்திரத்தைத் திருப்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் இருவரும் நிலத்தடி ரயில் மேடையில் நின்றார்கள். பக்கத்து ஊரான எஸ்லிங்கனில் பிருந்தனின் தாய் சமைத்து வைத்துவிட்டு, கலியாண மண்டபத்தின் படங்களோடு காத்திருந்தாள். பிருந்தன் இரண்டு தடவை, "தாரும், நான் தூக்கிறன்" என்றான். அவள் ஸ்கீகளைக் கொடுக்கவில்லை.

ரயில் வந்து கதவு திறந்தது. பிருந்தன் ஏறித் திரும்பிப் பார்த்தான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏறுமன். என்ன, கோவமே?"

"கோவமில்லை. எனக்கு அரியண்டமாக் கிடக்கு, அருவருக்குது. நீங்கள் போங்கோ, நான் வரேல்ல."

"அம்மாட்டை நான் என்னெண்டு சொல்லுறது?"

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ரயில் நகர, சுரங்கத்துக்குள்ளிருந்து காற்று அடித்தது. அவள் தலைக்கு மேலே, ஸ்கீகளின் நுனியில் சுற்றியிருந்த பொலித்தீன் விரிந்து படபடத்தது. தேனுஜா இரண்டு கையாலும் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.