அப்பாவின் இடுப்பளவு

அப்பாவுக்குத் தன் இடுப்பைப் பற்றி அபார நம்பிக்கை. "தொப்பை வேணா வந்திருக்கலாம். இடுப்பு கல்யாணத்தன்னிக்கு இருந்த அதே இடுப்புதான். ஒரு பேன்ட்டாவது பிடிக்குதா பாரு" என்பார். அப்போதெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அம்மா தலை நிமிரவே மாட்டாள்.

எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் தையற்கடை. இஸ்திரிப் பெட்டியின் சூடும் புதுத்துணி வாசனையும் எந்நேரமும் அங்கே இருக்கும். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அவ்வளவு சுகமான இடம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

அப்பா பஸ் டிரைவர். முழங்கால் தேய்ந்து, கிளட்சை மிதிக்க முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷன் செய்தால் திரும்ப ஓட்டலாம், ஆனால் இந்த உடம்போடு கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் டாக்டர். "பட்டினி கிடக்க வேணாம். கொஞ்சம் கொஞ்சமா சாப்பாட்டைக் குறைங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பார்ப்போம்."

அப்பாவுக்கோ தட்டைப் பார்த்தாலே முகம் மலர்ந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷன் முதல் மாதம் ஒரு கரண்டி குறைத்தார். அடுத்த மாதம் இரண்டாம் தடவை கேட்பதை நிறுத்தினார். அப்புறம் என்னுடைய சின்னத் தட்டைப் பிடுங்கிக்கொண்டார். அதில் கொஞ்சம் போட்டாலே நிறைந்த மாதிரி தெரியுமாம். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

எடை பார்க்க மட்டும் ஒப்பவில்லை. "மிஷினுக்கு மிஷின் ஒண்ணொண்ணு காட்டும். என் பேன்ட் சொல்லட்டும், நம்பறேன்."

பேன்ட் ஒன்றும் சொல்லவில்லை. மாதங்கள் போயின, அது இடுப்பில் கச்சிதமாகவே நின்றது. "இளைச்சுட்டீங்களே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோதுகூட, மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார் என்றார் அப்பா. டாக்டரிடம் போக வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு மதியம் தட்டைத் தள்ளிவைத்தார்.

"வயித்தைக் காயப்போட்டதுதான் மிச்சம். பழையபடியே போடு. நான் டாக்டர்கிட்ட வரல. எனக்கு இனிமே பஸ்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அப்பாவின் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன். 

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். முன்னறைக்குப் போய் அவருடைய சாம்பல் நிறப் பேன்ட்டையும் பிளேடையும் எடுத்து வந்து, இடுப்புத் தையலை மளமளவென்று பிரித்தாள்.

"போட்டுக்கிட்டு வாங்க."

வந்து நின்று கையை எடுத்தார். பேன்ட் தொப்பென்று காலடியில் விழுந்தது. நல்ல வேளை, சட்டை நீளம்.

"ஒவ்வொரு தடவை தேய்க்கிறப்பவும் துளித்துளியா பிடிச்சுத் தச்சுட்டேங்க" என்றாள் அம்மா. "தொளதொளன்னு போட்டுக்கிட்டுப் போனா தையல்காரி புருஷன்னு எவன் நம்புவான்? கை தானா போயிடுச்சு. பேன்ட் சொல்லும்னு நீங்க விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

அப்பா பேன்ட்டை எடுத்து உட்புறம் திருப்பினார். துணியில் பழைய தையல் தடங்கள் வரிவரியாக ஓடின.

"இது இந்த ஆறு மாசத்துத் தையல் இல்லையே. இதெல்லாம் என்ன?"

அம்மா அவசரமாகக் கரண்டியைக் கையில் எடுத்தாள். மேஜைக்கு அடியில் இருந்து எத்தனையோ தடவை பார்த்தவள் நான்.

"அதெல்லாம் நீங்க குண்டாக ஆக அம்மா பிரிச்சு விட்டதுப்பா."

அம்மா என்னை முறைத்தாள். அப்பா அந்தத் தடங்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இத்தனை வருஷத்துல எனக்கு எதுவும் இறுக்கினதே இல்ல" என்றார் மெதுவாக. பிறகு உட்கார்ந்து, தள்ளிவைத்த சின்னத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பா ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார். இப்போது இரண்டு பேருமே இல்லை. நான் துணியெல்லாம் கடையில்தான் வாங்குகிறேன். விலை உயர்ந்ததாகவே வாங்குகிறேன். எதைப் போட்டாலும் எங்காவது ஓர் இடத்தில் பிடிக்கிறது.