ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

1.
இந்தக் கதை ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருந்தொற்றுக் காலம். எங்கள் வீட்டு வாசலில் அக்கா நிற்கிறாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுப்பது அவள் வேலை. உள்ளே அம்மா, ஆஸ்துமாக்காரி. காது சுத்தமாகக் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். மறுநாளிலிருந்து அக்காவுக்குத் தொற்று வார்டில் வேலை, தங்குவதும் அங்கேயே. போவதற்கு முன் ஒரு தடவை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றாள்.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நகரமே மௌனத்தில் உறைந்திருந்தபோது...'

[வேண்டாம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருந்தது.]

பிறகு: 'கண்ணுக்குத் தெரியாத ஓர் எதிரி...'

[இதற்கு மேல் எனக்கே தாங்கவில்லை.]

3.
அக்காவோடு வந்திருந்த அத்தானை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர், ஆபத்தை எடை போடுவதுதான் பிழைப்பு. ஆனால் அக்காவின் சீருடையை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அப்படி நிற்கிறவரை வில்லனாக்க எனக்கு வரவில்லை.

"கூட்டமா கூடுறோம்? நானும் அம்மாவும் மட்டும்தானே" என்றாள் அக்கா.

"ஒட்டிக்கிறதுக்கு ஒரு ஆள் போதுமே" என்றார் அவர், மெதுவாக.

ஆளுக்கொரு மூலையில் மாஸ்க்கோடு உட்காரலாம் என்று நான் சமாதானம் சொன்னேன். மாஸ்க் போட்டால் அம்மாவுக்கு என்ன புரியும் என்றாள் அக்கா. கழற்றினால் ஆபத்து, போட்டால் பேச்சே இல்லை. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தோம்.*

* வீடியோவில் பேசலாமே என்பீர்கள். திரையில் அக்காவின் உதடு கடுகளவு தெரியும், அதுவும் விட்டு விட்டுத்தான் அசையும்.

4.
இவ்வளவையும் மூன்று பேரும் மாஸ்க் போட்டுக்கொண்டு, அம்மாவின் கண்ணெதிரிலேயே பேசினோம். யாருக்காகப் பேசினோமோ அவளுக்கு மட்டும் ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவளுக்கு எம்மேல என்ன கோபம்?"

எனக்குச் சுருக்கென்றது. அவளை உள்ளே கூட்டிப்போய் மாஸ்க்கை இறக்கி, நடந்ததைச் சொன்னேன். புரிந்ததும் சிரித்தாள். நேராக முன்னறைக்குப் போய் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கண்ணாடியைத் தட்டி அக்காவைக் கூப்பிட்டு, மாஸ்க்கை எடு என்று ஜாடை காட்டினாள்.

ஜன்னலைச் சாத்தினால் எங்களுக்குப் பேச்சு முடிந்துவிடும். அம்மாவுக்கு அங்கிருந்துதான் தொடங்கியது.

[கண்ணாடியில் இருவரும் உள்ளங்கை வைத்துக்கொண்டார்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை.]

நடந்தது இதுதான். அக்கா ஆவலில் ரொம்ப நெருங்கிவிட்டாள்; அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. இவ்வளவு நேரம் நாங்கள் பயந்த மூச்சு அதுதான். அம்மா தள்ளி நிற்கச் சொல்லிக் கையை ஆட்டினாள். அக்கா சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து பேசத் தொடங்கினாள். அம்மாவும் குரலை விட்டுவிட்டு உதட்டால் மட்டும் பேசினாள். சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம் உண்டு. நான் கத்தியே வளர்ந்தவன், எனக்கு அந்த வித்தை வராது.

கடைசியாக அம்மா ஏதோ சொன்னாள். அக்கா அழுதுகொண்டே தலையாட்டினாள்.

5.
அம்மா சொன்னது:

[                    ]

இந்த இடத்தில் என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். எதுவும் அம்மாவின் வாயில் பொருந்தவில்லை. கிளம்பும்போது அக்காவிடமே கேட்டேன்.

"அது உன் கதைக்கு இல்லடா" என்றாள்.

அவள் இன்னும் வார்டில்தான் இருக்கிறாள். அம்மா காலையில் எழுந்ததும் அந்த ஒரு கண்ணாடியை மட்டும் துடைக்கிறாள். முடிவு எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்களே எழுதிவிடுங்கள். அந்த அடைப்புக்குறிக்குள் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அக்காவை மட்டும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.